இமை மூடுகிறதா என்று பார்

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் தங்கை வள்ளியின் தைராய்டு கண் நோயைப் பற்றி நீ எழுதியதுதான் மனசை விட்டுப் போகவில்லை. கண் பிதுங்கி முகமே மாறிப்போச்சு என்று கண்ணாடியைப் பார்த்து அழுகிறாள் என்றாய். அந்தத் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண் வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் என் கவலை வேறு. ராத்திரி அவள் இமை முழுசாக மூடுகிறதா? தூங்கின பிறகு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். வெள்ளை தெரிந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்.

உடம்பே தப்பாக உண்டாக்கித் தைராய்டைத் தூண்டும் அதே எதிர்ப்புப் பொருள்கள் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற கொழுப்பையும் தசையையும் வீங்க வைக்கின்றன. சுற்றிலும் எலும்பு. வீக்கத்துக்கு இடமில்லாமல் விழி முன்னால் தள்ளப்படுகிறது. மேல் இமையும் மேலேறிக்கொள்கிறது. சிமிட்டினாலும் கருவிழியின் கீழ்ப்பகுதி மூடாமல் காய்கிறது. சாதாரணமாகத் தூக்கத்தில் விழி மேலே சுழன்று கருவிழி மறைந்துகொள்ளும். இந்த நோயில் கீழ்த்தசை விறைத்துவிட்டால் அந்தக் காவலும் போய்விடும். சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், காய்ந்த இடம் பச்சைப் புள்ளிகளாக மின்னும். கவனிக்காவிட்டால் அது புண்ணாகி, கிருமி சேர்ந்து, கடைசியில் ஓட்டையே விழலாம்.

“தண்ணியாக் கொட்டுதே, இதுல எங்க வறட்சி?” என்று வள்ளி கேட்டாளாமே. காய்ந்து உறுத்துவதால்தான் கொட்டுகிறது. அந்தத் தண்ணி கருவிழியில் தங்கிக் காப்பாற்றாது.

மாத்திரையில் தைராய்டு ரிப்போர்ட் நார்மலாகிவிட்டது என்று கண்ணை விட்டுவிடாதீர்கள். கண் தன் போக்கில் ஒன்றிரண்டு வருஷம் கொதித்துத்தான் அடங்கும். அவளுக்குச் சொல்லியிருக்கும் ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் வழக்கமானதுதான். வாரம் ஒன்றாக ஆறு வாரம் 500 மில்லிகிராம், பிறகு ஆறு வாரம் 250, மொத்தம் 4.5 கிராம். வீக்கம் வடிந்தால் கருவிழிக்கும் நல்லது. ஆனால் அந்த மருந்து கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். ஆகவே ஏற்கெனவே புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். சர்க்கரையையும் பார்க்கச் சொல்.

தைராய்டை அடக்கக் கொடுக்கிற ரேடியோ அயோடின் பேச்சு வந்தால், கண் கொதிப்பில் இருப்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது கண்ணை மோசமாக்கக்கூடும். அறுவை சிகிச்சை என்றால் முதலில் கண்குழி எலும்பைக் கொஞ்சம் எடுத்து விழியை உள்ளே இறக்குவது, அப்புறம் மாறுகண்ணைச் சரிசெய்வது, கடைசியாக இமை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு, முன்னது பின்னதை மாற்றிவிடும். புண் முற்றினால் மட்டும் வரிசைக்குக் காத்திராமல் இமையைத் தைத்தாவது கருவிழியைக் காப்பாற்றுவார்கள். டெப்ரோடுமுமாப் என்று ஒரு ஊசி 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு தடவை. விழி நன்றாக உள்ளே போகிறது. ஆனால் விலை பயங்கரம், காது கேட்பது பாதிக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் சிவப்புக்கென்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்கவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். வயலில் வேலை செய்கிற நம்ம ஜனங்களுக்குக் காளான் கிருமிப் புண் அதிகம். அதன்மேல் ஸ்டீராய்டு பட்டால் கண்ணே போய்விடும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பகலில் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர், படுக்கும்போது கெட்டியான ஆயின்ட்மென்ட். இமை மூடாத கண்ணில் பஞ்சை வைத்துக் கட்டாதே, உரசிவிடும். ஃபேன் காற்று முகத்தில் நேரே படக்கூடாது. அவள் வீட்டுக்காரரைச் சிகரெட்டை வெளியே போய்க் குடிக்கச் சொல், நீ அக்கா, நீ சொன்னால் கேட்பார்.

வலி கூடினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, நிறங்கள் மங்கினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ. எனக்குப் போன் பண்ணு, நானும் வருகிறேன். இங்கேயே தங்கிக்கொள்ளலாம், மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
ராஜி