‘எஹ்யே’: இருக்கிறேனா, இருப்பேனா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவிலியத்தில் கடவுளின் பெயரை ‘யேகோவா’ என்று சொல்வதா, ‘யாவே’ என்று சொல்வதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கடிதங்களை ஆவலோடு படித்தேன். ஒலிப்பைப் பற்றி அவ்வளவு எழுதியவர்கள், பொருளைப் பற்றி ஏறத்தாழ ஒன்றுமே சொல்லாமல் விட்டது வருத்தம் தந்ததால் இதை எழுதுகிறேன்.

எபிரேய வேதத்தில், அதாவது கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று அழைக்கும் பகுதியில், 6,800க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் அந்தப் பெயர், யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. அதன் புனிதம் கருதி வாய்விட்டு உச்சரிக்கத் தயங்கிய யூதர்கள், வாசிக்கும்போது ‘என் ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்ற சொல்லையே ஒலித்தார்கள். பின்னாளில் வேத வாசகத்துக்கு உயிர்க்குறிகளை அமைத்த மசோரெத்து அறிஞர்கள், அந்த வழக்கத்தை நினைவூட்ட, நான்கு மெய்களோடு அதோனாய்க்குரிய குறிகளை இட்டார்கள். இரண்டையும் கூட்டி வாசித்த கிறிஸ்தவர்களிடம் ‘யேகோவா’ பிறந்தது. ‘யாவே’ என்பது பழைய கிரேக்கக் குறிப்புகள் முதலியவற்றைக் கொண்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவம். தமிழில் ‘கர்த்தர்’ என்றும் ‘ஆண்டவர்’ என்றும் வாசிக்கிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்த யூத மரபையே பின்பற்றுகிறார்கள். அதில் குறை காண எதுவும் இல்லை.

பொருளுக்கு வருவோம். விவிலியத்தின் யாத்திராகமம் என்னும் நூலின் 3ஆம் அதிகாரத்தில், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேல் மக்களை மீட்கக் கடவுள் மோசேயை அனுப்புகிறார். எரிந்தும் வெந்துபோகாத முட்செடியின் முன் நிற்கும் மோசே, ‘அவருடைய நாமம் என்ன என்று அவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?’ என்று வினவுகிறார். ‘எஹ்யே அஷேர் எஹ்யே’ என்று விடை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்கிறது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து ‘இருக்கிறவர் நானே’ என்று கொண்டது. அந்த வழியில் வந்த இறையியலாளர்கள், தோற்றமும் முடிவும் இன்றித் தன்னிலேயே நிலைத்த இருப்பைக் குறிக்கும் பெயர் இது என்று விளக்கினார்கள். ஆழமான அந்த விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘எஹ்யே’ என்ற வினைவடிவம் ‘இருப்பேன்’ என்றும் பொருள்படும். இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. இரண்டே வசனங்களுக்கு முன், எகிப்திய மன்னனான பார்வோனிடம் போக ‘நான் எம்மாத்திரம்’ என்று மோசே தயங்கியபோது, ‘நான் உன்னோடே இருப்பேன்’ என்று கடவுள் சொல்கிறாரே, அங்கே உள்ளதும் இதே ‘எஹ்யே’தான். எபிரேயத்தில் கேட்பவருக்கு இரண்டாவது விடை முதல் விடையின் எதிரொலியாகவே ஒலிக்கும். தமிழில் அங்கே ‘இருப்பேன்’ என்றும் இங்கே ‘இருக்கிறேன்’ என்றும் பிரிந்துவிட்டதால், அந்த எதிரொலி நம் காதுக்கு எட்டுவதே இல்லை.

நான்கெழுத்துப் பெயரும் அதே வினைவேரிலிருந்து வந்த படர்க்கை வடிவம் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். ‘இருக்கச் செய்பவர்’ என்று விளக்குவோரும் உண்டு. கடவுள் தம்மை ‘இருப்பேன்’ என்கிறார். மக்கள் அவரை ‘இருப்பார்’ என்று அழைக்கிறார்கள். அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு கூட்டத்துக்கு இதைவிட நெருக்கமான பெயர் வேறென்ன இருந்திருக்க முடியும்? 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி, ‘இந்தத் துன்பத்திலும் அவர்களோடு இருப்பேன், இனி வரும் துன்பங்களிலும் இருப்பேன்’ என்ற கருத்தில்தான் இவ்விடத்துக்கு உரை எழுதினார். ஓசியா தீர்க்கதரிசி நூலின் 1ஆம் அதிகாரத்தின் கடுமையும் இப்பொருளை அறிந்தால்தான் முழுமையாகப் புரியும். ‘நீங்கள் என் ஜனமல்ல’ என்று கடவுள் அதே மக்களிடம் சொன்ன பிறகு அங்கே வரும் எபிரேயச் சொற்கள் ‘லோ எஹ்யே லாகெம்’, அதாவது ‘உங்களுக்கு நான் இருக்கமாட்டேன்’. கொடுத்த பெயரையே திரும்ப எடுத்துக்கொள்வதற்கு ஒப்பானது அது.

கிறிஸ்தவ வேதம் இந்தப் பெயரை இயேசுவின் வழியாக வாசிக்கிறது. ‘ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்’ என்னும் யோவான் 8:58 பலரும் அறிந்தது. மத்தேயு நற்செய்தி நூலின் அமைப்பு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: ‘தேவன் நம்மோடிருக்கிறார்’ எனப் பொருள்படும் இம்மானுவேல் என்ற பெயர் அதன் முதல் அதிகாரத்தில் வருகிறது, ‘சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்’ என்ற வாக்குறுதி அதன் கடைசி வசனத்தில் வருகிறது.

எனவே, புதிய தமிழ் மொழிபெயர்ப்புகளை உருவாக்குவோர் யாத்திராகமம் 3:14க்கு எந்தச் சொல்லைத் தெரிந்தெடுத்தாலும், ‘இருப்பேன்’ என்ற பொருளையும் 12ஆம் வசனத்தோடு அதற்குள்ள உறவையும் அடிக்குறிப்பிலாவது தருமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்