வயல் உறுதிப் பத்திரத்தை எடுக்க வேண்டாம்

ஸ்காபரோ, கனடா,
2026 பங்குனி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று தங்கச்சி சிரிப்பாள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போய்விடுவீர்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த வளவு மாமி வந்து குந்திவிடுவா. அவவுக்கு முன்னால் கடன் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. மாமி இல்லாத நேரமாகப் பார்த்து இதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போன ஞாயிறு, “மண்டூர் வயலை வித்து அனுப்பட்டா மனே?” என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பினேன். அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

நான் வீடு வாங்கியதாக நீங்கள் களுவாஞ்சிக்குடி முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். பால் காய்ச்சியதை வீடியோவில் பார்த்தீர்கள், சொல்லத்தான் செய்வீர்கள். உண்மையில் நடந்தது இதுதான். 2021 ஆடியில் இந்தக் கொண்டோவை எடுத்தோம். மாடிக் கட்டடத்தில் இரண்டு அறை, ஒரு குசினி. காலடியில் நிலம் என்று ஒன்றும் கிடையாது. விலை 560,000 டொலர். எங்கள் கையால் போட்டது 31,000, அதிலும் பாதி சீட்டுக் காசு. முதல் 500,000க்கு நூற்றுக்கு ஐந்து, அதற்கு மேலே உள்ளதற்கு நூற்றுக்குப் பத்து போட்டால் போதும் என்பது இங்கத்தைய சட்டம். மிச்சம் எல்லாம் வங்கியுடையது. ஐந்தில் ஒரு பங்காவது கையிலிருந்து போடாவிட்டால் காப்புறுதி எடுக்க வேண்டும். அது 21,000 டொலர் சொச்சம், அதையும் கடனோடு சேர்த்துவிட்டார்கள். நான் கட்டமுடியாமல் போனால் அந்தக் காப்புறுதி காசு கொடுப்பது வங்கிக்கு, எனக்கு இல்லை. காசு கட்டுவது மட்டும் நான். கையெழுத்து வைக்கும்போது எனக்கே இது வடிவாக விளங்கவில்லை.

கடன் 25 வருடத்துக்கு. ஆனால் வட்டி பேசினது ஐந்து வருடத்துக்குத்தான். அப்போது கனடா மத்திய வங்கி தன் வட்டியை 0.25 வீதத்தில் வைத்திருந்தது. அதனால் எங்களுக்கு 1.9 வீதத்தில் கிடைத்தது, மாதம் 2,300 டொலர். 2022 பங்குனியில் ஏறத் தொடங்கிய வட்டி 2023 ஆடியில் 5 வீதத்துக்கு வந்து நின்றது. பிறகு இறங்கியதுதான், ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. இந்த ஆடியோடு எங்கள் ஐந்து வருடம் முடிகிறது. புது வட்டி 4.3 வீதம் என்கிறார்கள். மாதக் கட்டுக்காசு 2,860க்குப் போகும். ஐந்து வருடம் ஒரு மாதம் தவறாமல் கட்டியும் முதல் தொகையில் இன்னும் 460,000 கிடக்கிறது.

இதுபோக லிஃப்டுக்கும் பனி அள்ளுவதற்கும் என்று கட்டடத்துக்கு ஒரு காசு, மாநகரசபைக்கு வரி. இரண்டுமாக இன்னும் 800க்கு மேல். ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அந்தச் சம்பளத்தில் ஒருவர் மாதம் 160 மணித்தியாலம் வேலை செய்தாலும், வரி வெட்ட முன்னமே, கட்டுக்காசுக்குக் காணாது. நானும் உங்கள் மருமகளும் அதைவிடக் கொஞ்சம் கூட எடுக்கிறோம், அவ்வளவுதான். நான் இரவு வேலை, அவள் பகல் வேலை. பிள்ளைகளைப் பார்க்க ஆள் வைக்கக் காசில்லாமல் செய்த ஏற்பாடு அது. விடியப்புறம் நான் சப்பாத்தைக் கழற்றும் நேரம் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பாள்.

கடன் தரும்போது வங்கி எங்களைச் சோதித்துத்தான் தந்தது. வட்டி 5.25 வீதமாக இருந்தாலும் கட்டுவீர்களா என்று கணக்குப் பார்த்தார்கள். கட்டுவோம் என்றுதான் கணக்கு வந்தது. அந்தத் தாளில் அரிசி விலைக்கு இடமில்லை. ஊருக்கு அனுப்பும் காசுக்கும் இடமில்லை.

வித்துவிட்டு வாடகைக்குப் போகலாமே என்று பெரியப்பா கேட்டாராம். ரொறன்ரோப் பக்கம் 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன விலை பிறகு இறங்கிவிட்டது, கொண்டோக்கள் இன்னும் மோசம். இப்போது வித்தால் தரகுக் கூலியும் போய்க் கையில் என்ன மிஞ்சும்? வாடகையும் லேசில்லை. நாங்கள் முதலில் இருந்த பேஸ்மென்டில் சன்னலால் பார்த்தால் ஆட்களின் கால் மட்டும்தான் தெரியும், அதற்கே முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்காசு கட்டினோம். பழைய கட்டடம் என்றால் வாடகையை வருடத்துக்கு இவ்வளவுதான் கூட்டலாம் என்று அரசாங்கம் சொல்லும், இந்த வருடம் 2.1 வீதம். 2018 கார்த்திகை (நவம்பர்) 15க்குப் பிறகு முதன்முதல் ஆள் குடியேறின கட்டடமென்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. என்னோடு வேலை செய்யும் ஆரையம்பதிப் பொடியன் அப்படிப் புதுக் கட்டடத்துக்குப் போய், வருடம் முடியக் கூட்டின வாடகையைக் கட்டமுடியாமல் சாமானைத் திரும்பவும் கட்டினான்.

அம்மா, எனக்கு ஒரு சிரிப்பு வருவதுண்டு. நம்மட பக்கம் வீடு பெட்டைக்குத்தானே. அக்காவுக்கு அப்பா கட்டிக் கொடுத்தார், தங்கச்சிக்கு நாங்கள் கட்டுகிறோம். ஆம்பிளைப் பிள்ளை ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய் இருந்தால் சரி. வீட்டைப் பற்றி யோசிக்காமலே நான் வளர்ந்தேன். உங்கள் மருமகளுக்கும் கொக்கட்டிச்சோலையில் சீதன உறுதி எழுதின வீடு இருக்கிறது, கிணறும் மூன்று தென்னையுமாக. கடன் ஒரு சதமில்லை. அதில் இப்போது அவளுடைய சின்னம்மா இருக்கிறா. கட்டுக்காசு போகிற நாளில் இவள், “எனக்கு வீடு இருக்கு, உங்களுக்குத்தான் இல்லை” என்பாள். பகிடிக்குத்தான். நான் ஒன்றும் சொல்லுவதில்லை.

வயல் கதைக்கு வருகிறேன். அதை விற்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் காசை டொலராக்கினால் என் கடனில் ஒரு மூலைக்கும் காணாது. அந்த ஒன்றரை ஏக்கர் வெள்ளாமை உங்களுக்கும் தங்கச்சிக்கும் வருடச் சோறு. அப்பாவோடு குருமண்வெளித் துறையில் வாவி கடக்கும் பாதைப் படகேறிப் போய், வரம்பில் இருந்து கட்டுச்சோறு சாப்பிட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. காணி கேட்டு வருகிறவர் நல்ல மனுசனாகவே இருக்கட்டும். உறுதியை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம்.

தங்கச்சியின் வீட்டுக்கு மாதா மாதம் அனுப்பினதை ஆடிக்குப் பிறகு பாதியாக்க வேண்டி வரும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் குறையை நிரப்ப அவளுடைய சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வந்து அறவிடும் குழுக்கடனில் கையெழுத்தும் வைக்க வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே கதைக்கிறேன். 2022ல் சீமெந்து ஒரு பை 3,000 ரூபாயைத் தொட்டபோதும் ஒரு வருடம் வேலையை நிறுத்தி வைத்துத்தானே பிறகு சுவரை எழுப்பினோம்.

மேசனிடம் சொல்லுங்கள்: ஐப்பசி மழைக்கு முன்னம் இரண்டு அறைக்கு மட்டும் கூரை போட்டால் போதும். விறாந்தையும் பூச்சும் பிறகு பார்க்கலாம். ஓடு போடுவதா சீற் போடுவதா என்று தங்கச்சியே முடிவெடுக்கட்டும், இருக்கப்போகிறவள் அவள். சன்னல் நிலைக்கு வாங்கின மரம் மழையில் நனையாமல் கோழிக்கூட்டுப் பக்கத்துத் தாழ்வாரத்தில் அடுக்கி மூடிவையுங்கள். போன முறை படத்தில் பார்த்தேன், ஒரு பக்கம் கறையான் ஏறுகிற மாதிரி இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் மகன்