சனநெரிசலைக் கணக்கிடும் கமராக்கள்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கொவிட் காலத்தில் மக்கள் போதிய இடைவெளி விட்டு நிற்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பல நாடுகளில் பயன்பட்ட, காட்சியைத் தாமே பகுத்தறியும் கமராக்கள், இப்போது சனநெரிசலைக் கண்காணிக்கும் கருவிகளாக விற்பனைக்கு வருகின்றன. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்கும், யாழ்ப்பாணம் மத்திய பஸ் நிலையத்துக்கும் இவை உதவும் என்று சொல்வோர் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால், எதை அளக்கப் போகிறோம், அளந்த பின் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்ற இரண்டுக்கும் பதில் இல்லாமல் பொதுப்பணத்தைச் செலவிடுவது வீண்.

இவ்வகைக் கமரா படத்தில் ஒவ்வொரு ஆளையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அவர் கால் ஊன்றிய இடத்தைத் தரையின் வரைபடத்தில் குறித்து, இருவருக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆட்கள் ஐதாக நிற்கும் வங்கி வரிசைக்கு இது பொருந்தும். திருநெல்வேலிச் சந்தையில் கைக்குழந்தையோடு வரும் தாயையும், கைபிடித்து நடக்கும் முதிய தம்பதியரையும் விதிமீறியவர்களாகவே அது எண்ணும். ஒரே வீட்டார் என்பது கமராவுக்கு எப்படித் தெரியும்? கூட்டம் அடர்ந்து கால்கள் மறைந்துவிட்டாலோ தூரக் கணக்கே தடுமாறிப் போகும். அப்போது தலைகளைக் கொண்டு, ஒரு சதுர மீற்றரில் எத்தனை பேர் என்ற அடர்த்தியை மதிப்பிடும் வேறு முறையே கைகொடுக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். சதுர மீற்றருக்கு இரண்டு பேர் என்றால் சற்று மெதுவாகவேனும் நடக்கலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. அதற்கும் மேலே போனால் ஒருவர் தன் விருப்பப்படி காலெடுத்து வைக்க முடியாது, கூட்டம் அலைபோல ஆளைத் தூக்கிச் செல்லும். அத்தகைய நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சடைத்து இறக்கிறார்கள்.

நல்லூரின் கூட்டமும் வெளிநாட்டு ரயில் நிலையக் கூட்டமும் ஒன்றல்ல. வெளிவீதி மணலில் அங்கப்பிரதட்டை செய்வோர் உருண்டு வருவார்கள்; பெண்கள் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள்; காவடியின் மயிலிறகு வளைவு பின்னால் வருபவர்களை மறைக்கும்; தேரன்று தகப்பன்மாரின் தோள்களில் பிள்ளைகள் இருப்பார்கள். நின்று நடக்கும் மனிதரை மட்டுமே பார்த்துப் பழகிய மென்பொருள் இவர்களை எப்படி எண்ணும் என்பதை, சாதாரண நாள் ஒன்றில் அல்ல, திருவிழாவின்போதே ஆட்களைக் கொண்டு எண்ணி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும்.

அளவு சரியாகவே இருந்தாலும் அது போதாது. தென்கொரியத் தலைநகர் சோலின் இத்தேவோன் பகுதியில் 2022 ஒக்டோபர் 29 இரவு ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் நேர்ந்த நெரிசல் 159 உயிர்களைப் பறித்தது. கூட்டம் ஆபத்தாக இருக்கிறதென்று பொலிஸாருக்கு முதல் அழைப்பு போனது அதற்கு மூன்றரை மணி நேரத்துக்கும் முன்பு. 2025 ஜனவரி 29 அன்று பிரயாக்ராஜ் கும்பமேளாவில் செயற்கை நுண்ணறிவுக் கமராக்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் குறைந்தது 30 பேர் மாண்டனர். நம் நாட்டிலேயே, இடைவெளி பேணுங்கள் என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்த 2020 மே மாதத்தில், கொழும்பு மாளிகாவத்தையில் பண உதவி பெற முண்டியடித்த கூட்டத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தும், உட்செல்வோரை நிறுத்தவும் மாற்று வழியைத் திறக்கவும் அதிகாரமுள்ள ஒருவர் உரிய நேரத்தில் அதைச் செய்யாவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை. ஆகவே கமராவின் எச்சரிக்கை யாருடைய கைக்குப் போகும், எந்த அளவைத் தாண்டினால் எந்த வீதியை அவர் மறிப்பார், வீதியில் நிற்கும் சாரணருக்கும் முதலுதவித் தொண்டருக்கும் அதை எப்படிச் சொல்வார் என்பவை முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

மற்றொன்று முகம். தலையை எண்ணுவதற்கு முகத்தை அடையாளம் காணத் தேவையில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்காகப் பிரான்ஸ் இயற்றிய சட்டம் கூட்டத்தைப் பகுப்பாய்வு செய்ய அனுமதித்தபோதும் முக அடையாளத்தை விலக்கியே வைத்தது. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நீட்டி வளர்ந்த நம் ஊரில், கோயிலுக்கு யார் யாரோடு வந்தார் என்ற பதிவு எங்கோ சேர்கிறது என்ற ஐயமே போதும், கமராமீதான நம்பிக்கை போய்விடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், முகம், கைரேகை போன்ற உடலடையாளத் தரவுகளைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியவையாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

எனவே இத்தகைய திட்டம் எதையும் மாநகர சபையோ வேறெந்த அதிகாரசபையோ எடுக்குமானால், முக அடையாள வசதி இல்லை என்பதையும், காட்சிப்பதிவு எத்தனை மணி நேரத்தில் அழிக்கப்படும் என்பதையும், பொறுப்பான அலுவலரின் பதவியையும் கேள்விமனுவிலேயே எழுதி, அதைத் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.