முத்து, ராணி, பொடியன் மூவரையும் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு நட்சத்திர ஆமைகள் மூன்றும் வனத்துறையிடம் போய்ச் சேர்ந்தன. உங்களில் சிலருக்கு அங்கேயே நன்றி சொன்னேன். பலருக்குச் சொல்ல முடியவில்லை. அம்மா அழுத அழுகையில் எனக்குப் பேச்சே வரவில்லை. விட்டுப்போனதையெல்லாம் இந்த மடலில் சொல்லிவிடுகிறேன்.

முத்து எங்கள் வீட்டுக்கு வந்தது 1999 ஐப்பசியில். மழை பெய்தால் இந்த ஆமைகள் கரிசல் காட்டுப் புதர்களிலிருந்து வெளியே வரும். அப்படி வந்து கோவில்பட்டிப் பக்கம் நடுரோட்டில் நின்றதை லாரி ஏறுவதற்குள் அப்பா தூக்கி, சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விட்டிருந்தால் போதும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவருக்குத் தெரியாது, பாவம். அடுத்து ராணி. ஆமை வளர்த்தால் பணம் சேரும் என்று யாரிடமோ விலைக்கு வாங்கிய ஒரு குடும்பம், வைத்துக்கொள்ள முடியாமல் எங்களிடம் விட்டுப் போனது. 2008இல் ராணி மல்லிகைச் செடியடியில் பின்னங்காலால் குழி பறித்து மூன்று முட்டையிட்டாள். நாலு மாதத்துக்கு மேல் கழித்து ஒன்றே ஒன்று பொரிந்தது. அதுதான் பொடியன்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் சொல்லாத விசேஷம் கிடையாது. "இது வந்த வருசந்தான் நம்ம பிள்ள பத்தாவது பாஸ் பண்ணுச்சு" என்பார் அப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு முட்டுவலி. தனியாக விட மனமில்லாமல் என்னோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக முடிவு செய்தேன். அங்கே இருப்பது மூன்றாவது மாடி வீடு, மண்ணே கிடையாது. அப்போதுதான் இந்த மூன்றையும் எங்கே விடுவது என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

முதல் நன்றி, பக்கத்துத் தெரு விலங்கியல் டீச்சருக்கு. தெப்பக்குளத்தில் விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் கிளம்பத் தயாராக இருந்தோம். நீங்கள்தான் ஓடி வந்து தடுத்தீர்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, ஆழமான தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும் என்று நீங்கள் சொன்னபோது அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர், நீங்கள் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தாலும் மூன்றும் போயிருக்கும்.

சட்டத்தைச் சொன்னதும் நீங்கள்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வளர்க்கவே கூடாது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இது முதல் பட்டியலில், புலி யானையோடு சேர்ந்து இருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை என்று கேட்டதும் எனக்குக் கைகால் நடுங்கியது. அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை. ரகசியமாக யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஒருவர் பணம் தருகிறேன் என்று இரண்டு தடவை வீட்டுக்கே வந்தார். அம்மா, "எம் பிள்ளைகள நான் விக்கமாட்டேன்" என்று கதவைச் சாத்தினார். அம்மா, அதற்காக உனக்கும் ஒரு நன்றி. இந்த ஆமைகளைப் பிடித்து விமானம் ஏற்றுகிற கடத்தல் அவ்வளவு பெரியது. அதனால்தான் 2019இல் உலக நாடுகள் சேர்ந்து இதன் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்தன. அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் அவை எந்த நாட்டில், எந்தப் பெட்டிக்குள் கிடந்திருக்குமோ!

வழக்கறிஞர் ஐயாவுக்கு. ஒரு ரூபாய் வாங்காமல், உண்மையை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். எப்போது வந்தது, எப்படி வந்தது, எத்தனை, எதையும் மறைக்க வேண்டாம் என்றீர்கள். "ஒளிச்சாத்தாம்மா பயப்படணும்" என்ற உங்கள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வன அலுவலகப் படியேறினேன்.

கால்நடை டாக்டருக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. பொடியனின் ஓடு மேடும் பள்ளமுமாக இருப்பதை நாங்கள் அழகு என்று நினைத்திருந்தோம். இந்த இனத்துக்கு ஓரளவு மேடு இயற்கைதான், ஆனால் இது அதற்கும் மேலே என்று தடவிக் காட்டினீர்கள். சோறும் பிஸ்கட்டும் கொடுத்ததால், வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் போதாததால் வந்தது என்றீர்கள். அம்மா கண்ணில் நீர் வந்ததும், "தெரிஞ்சா செஞ்சீங்க? பாசத்துலதானம்மா குடுத்தீங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ என்று மாற்றி, காலை வெயிலில் விட்டோம். ஒப்படைப்பதற்கு முந்தின இரண்டு மாதத்தில் பொடியன் முன்பைவிடச் சுறுசுறுப்பாக நடந்தான். நீங்கள் எழுதித் தந்த எடை, உணவு, உடல்நிலைக் குறிப்பை வனத்துறை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது.

வனச்சரகர் அம்மாவுக்கும் வனக்காப்பாளர் தம்பிக்கும். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தோம். நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து அம்மாவுக்கு மோர் கொடுத்தீர்கள். சட்டப்படி எழுத வேண்டியதையெல்லாம் எழுதினீர்கள், எதையும் மழுப்பவில்லை. ஆனால் குரல் உயர்த்தவில்லை. "காட்டுல விட்டுருவீங்களா?" என்று அம்மா கேட்டதற்கு நீங்கள் பொறுமையாகச் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. வீட்டில் இத்தனை வருடம் இருந்த ஆமையை அப்படியே காட்டில் விட முடியாது, அதன் உடம்பில் இருக்கும் நோய் அங்கே இருக்கிற ஆமைகளுக்குத் தொற்றலாம், முதலில் தனியாக வைத்துப் பார்ப்போம், காட்டுக்குத் தேறாவிட்டால் மீட்பு மையத்திலேயே தங்கட்டும் என்றீர்கள். அங்கே மண் இருக்கிறது, புல் இருக்கிறது, வெயில் இருக்கிறது. ராணி இத்தனை வருடம் முத்துவைத் தவிர வேறு பெரிய ஆமையைப் பார்த்ததில்லை. தனியாக வைத்துப் பார்ப்பது முடிந்ததும் கூட்டமாக இருப்பாள்.

ஆட்டோ அண்ணனுக்கு. வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்று அதிகாலை ஐந்து மணிக்கு வந்து நின்றீர்கள். காற்றுத் துளை போட்ட பெட்டிகள், அடியில் சாக்கு, ஒன்றை ஒன்று இடிக்காமல் தனித்தனியாக. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினீர்கள். காசு நீட்டியபோது கையை மடக்கிவிட்டீர்கள்.

அப்புறம், சந்தை அண்ணாச்சிக்கு. யாருக்கு என்று கேட்காமலே இருபது வருடமாக முள்ளங்கி இலையும் கீரைத் தண்டும் எடுத்து வைத்தீர்கள். அப்பா போன பிறகும் நிறுத்தவில்லை. நேற்று வனக்காப்பாளர் தம்பி போன் செய்தார். மூன்றும் நன்றாக மேய்கின்றனவாம், பொடியன்தான் முதலில் வந்தானாம். அம்மா உடனே உங்களிடம் சொல்லச் சொன்னார். ஊரைவிட்டுக் கிளம்ப இன்னும் இருபது நாள் இருக்கிறது. அதுவரை அந்தப் பையை எடுத்து வையுங்கள் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை மீட்பு மையத்துக்குப் போய்ப் பார்க்க அனுமதி தந்திருக்கிறார்கள், கொண்டுபோகலாமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆமை வீட்டுப் பெண்