விலைப் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதிலிருந்து எங்கள் அலுவலகத்து இளைஞர்கள் ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கா, ஹோண்டா சிபி350யா, ஜாவாவா என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பத்திரிகைகளும் எந்த மாடலுக்கு எவ்வளவு குறைந்தது என்று பட்டியல் போட்டன. தினசரி வேலைக்கு ஓட்டினால் பத்து வருடத்தில் அந்த வண்டி என்னென்ன கேட்கும் என்பதை மட்டும் காணோம்.

என்னுடையது 2013இல் வாங்கிய 350 சிசி வண்டி. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு இன்றும் அதில்தான் போய்வருகிறேன். விற்க மனமில்லை. குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை இருப்பதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. பின்னால் ஆள் இருந்தாலும் பல்லாவரம் மேம்பாலத்தில் அலுப்பில்லாமல் ஏறும். ஆனால் நெரிசலில் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்தால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். எடை 190 கிலோவை ஒட்டி வரும். நெருக்கமான பார்க்கிங்கில் தினமும் பின்னுக்குத் தள்ளி எடுப்பவருக்குத்தான் அந்த எடையின் அர்த்தம் தெரியும். வாங்குமுன் ஒருமுறை அப்படித் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

செயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்தினால் செயின் துருப்பிடித்து இறுகிவிடும். அன்று இரவே துடைத்து எண்ணெய் விட்டால் செயினும் அது சுற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் கூடுதல் நாள் உழைக்கும். தேய்ந்துபோனால் செயினை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட், முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஃபோர்க் ஆயில் சீல் எல்லாம் நம் ஊர்ப் பள்ளங்களின் உபயத்தில் அவ்வப்போது வரும் செலவுகள். உதிரிபாகங்களுக்கும் இப்போது 18 சதவீத வரிதான் என்பது பழைய வண்டிக்காரர்களுக்கு உண்மையான நிம்மதி.

மைலேஜ் நகரத்துக்குள் லிட்டருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் கூடுதல்: 75 முதல் 150 சிசி வரை ஆண்டுக்கு 714 ரூபாய், அதற்கு மேல் 350 சிசி வரை 1,366 ரூபாய். அப்புறம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகள் பலவும் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. 10 சதவீதக் கலப்பான இ10க்கு ஏற்ப அமைந்த இருசக்கர வாகனங்களில் இ20 போட்டால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், பல வாரம் ஊருக்குப் போகிறவர்கள் கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் போவது நல்லது. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியை ஆய்வுக்குக் காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் வாங்கும்போது யாரும் நினைவூட்டுவதில்லை.

உங்கள் இதழின் வாகனப் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் ஒரே வண்டியை ஓட்டுபவர்களின் செலவுக் கணக்கை வெளியிடுங்கள். எந்த பாகம் எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது, என்ன விலை ஆனது என்று பட்டறை பில்லோடு வரட்டும். என்னிடமுள்ள பில்களை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

- வாசகர், குரோம்பேட்டை, சென்னை