நரையில் ஏறிய ஊதா

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று முறை படித்துவிட்டேன். உன் மகள் தலைமுடிக்கு ஊதா நிறம் போடப் போகிறேன் என்று நிற்பதையும், அவள் அப்பா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாததையும் எழுதி, "நீயும்தானே என்னோடு வேதியியல் படித்தாய், இது முடிக்கு ஆகுமா ஆகாதா, ஒரே வார்த்தையில் சொல்" என்று கேட்டிருக்கிறாய். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமாக இது இல்லை. அதற்கு முன்னால், உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தலையிலேயே இப்போது ஊதா இருக்கிறது. பங்குனியிலிருந்து. வீட்டில், என் கையாலேயே போட்டுக்கொண்டேன்.

எனக்கு 36 வயதில் வகிட்டில் நரை தெரிந்தது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குத் தொடங்கி 18 வருஷம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கறுப்பு டை போட்டேன். ஒரு தொந்தரவும் இல்லை. போன வருஷம் சித்திரையில், போட்ட மறுநாள் காதோரம் அரிக்க ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் காலையில் இமை இரண்டும் வீங்கிக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தோல் மருத்துவர் பார்த்ததுமே கேட்டது, என்ன டை என்றுதான். பாரா-ஃபினிலீன் டயமீன். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். பல வருஷம் ஒத்துக்கொண்டிருந்த உடம்பு திடீரென்று ஒருநாள் மறுத்துவிடுமாம். மறுத்த பிறகு ஆயுளுக்கும் மறுத்ததுதான் என்றார். உடனடி மருதாணிக் கூம்புகளில் கறுப்பாகச் சிவக்கிறதே, அதிலும் இதைக் கலக்கிறார்கள், தொடாதே என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்புறம் நரை வளர்ந்தது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 11 மாதத்தில் அரைச் சாண். மேலே வெள்ளை, கீழே பழைய டையின் கறுப்பு. ஒரு கல்யாணத்தில் நாலு பேர் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கீழ்ப்பாதியைத் தோளளவுக்கு வெட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். முன்நெற்றியில் வெள்ளை நல்ல கற்றையாக இருந்தது. அப்போதுதான் தோன்றியது, இது வெள்ளைத் துணி அல்லவா, இதில் எந்தச் சாயமும் ஏறுமே என்று.

எந்தச் சாயம் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகமில்லை. விடுதியில் நம் அறையில் பாதித் துணி என்னுடையது, அதில் பாதி கத்தரிப்பூ நிறம். ஆய்வகத்தில் ப்யூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நிற்பேன், நீ பின்னாலிருந்து "அளவெடுடீ, மணியாகுது" என்பாய். முகூர்த்தத்துக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டு கேட்டேன். அரக்குதான் என்று அம்மா முடித்துவிட்டாள். 18 வருஷம் கறுப்பு போட்டது, யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. இந்த நிறம் எனக்கு வேண்டுமென்று போட்டது.

வாங்கியது டெவலப்பர் என்கிற பெராக்சைடு திரவம் கலக்கத் தேவையில்லாத வகை. கண்டிஷனர் மாதிரி கெட்டியாக இருக்கும், அப்படியே பூசலாம். அம்மோனியா, பெராக்சைடு எதுவும் கிடையாது. சாயம் முடிக்குள் போய் வேதிவினை நடத்துவதில்லை, மேலடுக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அட்டையில் பாரா-ஃபினிலீன் டயமீன் இல்லை என்று போட்டிருந்தது. இருந்தாலும் நான் பட்டவள். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் காத்திருந்தேன். ஒவ்வாமை உடனே காட்டாது, ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் காட்டும் என்பதற்கு என் இமைகளே சாட்சி.

மூன்றாம் நாள் காலை பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, நெற்றியோரமும் காதிலும் வாசலின் தடவி, கையுறை மாட்டி, பிளாஸ்டிக் கிண்ணத்தில் எடுத்துப் பிரஷ்ஷால் பூசினேன். பின்னந்தலை எனக்கு எட்டவில்லை. அவரைக் கூப்பிட்டேன். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், வகிடு வகிடாகப் பிரித்துப் பூசிவிட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் தலைமுடியை அவர் அவ்வளவு நேரம் தொட்டதில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து அலசினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அதில் அலசினால் முடி விறைத்துக்கொள்ளும். அதனால் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை முந்தின நாளே இரண்டு குடம் பிடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு செம்பாக ஊற்ற ஊற்ற நாவல்பழச் சாறு மாதிரி ஓடியது. சிமெண்ட் தரையில் பட்ட கறை போக ஒரு வாரம் ஆயிற்று. இதை உன் மகளிடம் முன்கூட்டியே சொல்லு. தலையணை உறையும் கறையாகும். வெயிலில் வேர்த்தால் ரவிக்கைக் கழுத்தும்.

காய்ந்ததும் பார்த்தேன். கறுப்பாக இருந்த முடி கறுப்பாகவே இருந்தது. வெள்ளை மட்டும் கத்தரிப்பூ. நினைத்த ஆழம் வரவில்லை. நரைமுடி வழவழப்பானது, சாயத்தை அவ்வளவு சீக்கிரம் உள்ளே விடாது. ஆனால் கறுப்புக்கு நடுவே அந்த இளம் ஊதா இழை இழையாகத் தெரிந்தபோது, எனக்கு அழுகை வந்தது. ஏனென்று இப்போதும் தெரியவில்லை.

சரி, உன் மகள் விஷயம். அவளுடையது நல்ல கறுப்பு முடி. இந்தச் சாயத்தை அப்படியே பூசினால் ஒன்றுமே தெரியாது. கறுப்புச் சேலையைச் சாயத்தொட்டியில் முக்கிய கதைதான். முதலில் முடிக்குக் கறுப்பு தருகிற மெலனினை எடுக்க வேண்டும், அதாவது பிளீச். பயம் எனக்கு இந்த இடத்தில்தான்.

பிளீச்சுக்குக் கலக்கிற பெராக்சைடு பாட்டிலில் 10 வால்யூம், 20 வால்யூம் என்று போட்டிருக்குமே, நாம் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டது நினைவிருக்கிறதா? அதே வால்யூம்தான். ஒரு லிட்டர் கரைசல் 20 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தால் 20 வால்யூம், ஏறக்குறைய 6 சதவீதம். 40 என்பது 12 சதவீதம். வீட்டில் 20-க்கு மேல் போகவே வேண்டாம். சீக்கிரம் முடியட்டும் என்று 40 வாங்கி மண்டைத்தோலில் பூசினால் வெந்து புண்ணாகிவிடும். முடி கறுப்பிலிருந்து நேரே வெள்ளைக்குப் போகாது. செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். நம் ஊர் முடி ஒரு தடவையில் பெரும்பாலும் ஆரஞ்சில் நின்றுவிடும். ஆரஞ்சின் மேல் நீலம் கலந்த ஊதாவைப் போட்டால் சேற்று நிறம்தான் வரும். சிவப்பு கலந்த ஊதா, பீட்ரூட் பக்கம் சாய்ந்தது, அழகாகப் பிடிக்கும். எனக்குக் கேட்டால், அவள் அங்கேயே நின்றுவிடலாம். இளம் ஊதாதான் வேண்டும் என்று வெளிர்மஞ்சள் வரை வெளுக்கப் பார்த்தால், முடிக்குப் பலம் தருகிற கந்தகப் பிணைப்புகள் உடைந்துவிடும். ஈரமுடியை இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு, திரும்பாமல் அறுந்துபோகும். அப்படி நீள ஆரம்பித்தாலே அதற்குமேல் ஒரு துளியும் போடக் கூடாது. மறுபடி செய்ய வேண்டுமென்றால் சில வாரம் இடைவெளி விடட்டும்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்காமல் கேள். அவள் கடை மருதாணிப் பொடி போட்டிருக்கிறாளா? சில பொடிகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதோடு பெராக்சைடு சேர்ந்தால் கொதித்துப் புகைகூட வரும். நீலச்சாயம் தருகிற அவுரி இலை கலந்து போட்டிருந்தால் வெளுத்தபின் பச்சையடிக்கலாம். சீப்பில் வருகிற முடியைச் சேர்த்து, பிளீச் கலவையில் அரைமணி போட்டுப் பார்க்கச் சொல். சூடாகிறதா, என்ன நிறத்துக்கு வருகிறது, அறுகிறதா என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

முழுத் தலையும் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு. பெரியம்மா சொன்னால் கேட்பாள். பிடரிக்கு மேலே, அடிப்பக்கத்து முடியில் இரண்டு கற்றை மட்டும் எடுத்து, வேரிலிருந்து ஒரு விரல் தள்ளி ஆரம்பிக்கட்டும். தலையை விரித்துவிட்டால்தான் தெரியும். பின்னினால் மூன்று காலில் ஒரு கால் ஊதாவாக ஓடும். அதன் மேல் மல்லிகைச் சரம் வைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார். அவள் அப்பாவுக்கும் அது பிடித்துவிடும் என்றே நினைக்கிறேன்.

நிறம் நிற்பதெல்லாம் அவள் குளிப்பதைப் பொறுத்தது. எனக்கு ஏழெட்டுத் தலைக்குளியலில் வெளிறிவிட்டது. சனிக்கிழமை நல்லெண்ணெயும் சீயக்காயும் தேய்த்தால் இன்னும் சீக்கிரம். எண்ணெய்க் குளியலை நான் விடுவதாக இல்லை, அதனால் கண்டிஷனரில் ஒரு ஸ்பூன் சாயம் கலந்து மாதம் இருமுறை பூசிக்கொள்கிறேன். பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும்.

பெர்க்கின் கதையை நம் பேராசிரியை சொன்னது உனக்கு ஞாபகம் வந்திருக்குமே. 1856, லண்டன், ஈஸ்டர் விடுமுறை, 18 வயதுப் பையன். மலேரியாவுக்குக் குயினைன் செய்யப் போய், அனிலினில் கறுப்புக் கசடு கிடைத்து, ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதாவாக வந்ததே, அந்த 'மாவ்' சாயம். உலகத்தின் முதல் செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் எழுந்தது. கதை கேட்ட அன்றைக்கு நமக்கும் 18 வயது. அதை அவன் கண்டது கல்லூரியில் அல்ல, வீட்டில் வைத்திருந்த சின்ன ஆய்வகத்தில் என்பது இப்போதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அனிலின் என்ற பெயரும் அவுரிச் சாயத்திலிருந்து வந்தது. நம் 'நீலம்'தான் அரபி வழியாகப் போய், போர்த்துக்கீசியரிடம் 'அனில்' ஆயிற்று. என் கண்ணை வீங்கவைத்த பாரா-ஃபினிலீன் டயமீனும் அதே குடும்பம். அந்தக் குடும்பத்தோடு எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது.

அத்தைக்கு 82 ஆகிறது, பார்வை மங்கல். முதல் நாள் நான் காபி கொடுக்கக் குனிந்தபோது என் முன்நெற்றி முடியை இரண்டு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்கள். "எங்க கொல்லையில கத்தரி பூத்தா இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அவ்வளவுதான். நான் பயந்ததெல்லாம் அவர்களுக்குத்தான்.

ஆடி அமாவாசைக்கு நீ பாபநாசம் வருவதாக எழுதியிருக்கிறாய். மகளையும் கூட்டி வா. அவளுக்கு நானே பூசிவிடுகிறேன், பின்னந்தலை எட்டாது, இரண்டு பேராவது வேண்டும். உனக்கும் காதோரம் வெளுத்திருக்கிறது என்று போன தடவையே பார்த்தேன், டப்பாவில் பாதி அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. முழங்கை மடிப்பில் பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி