கிணறு தூர்வாரும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கமிருந்து திருச்சூர், எர்ணாகுளம், கோட்டயம் வரை கிணறு வெட்டவும் தூர்வாரவும் போகிற அண்ணன்மாருக்கு வணக்கம்.

நம்ம பக்கம் பெரும்பாலும் கருங்கல். நீங்கள் போகிற மேற்கே வெட்டுக்கல். வாளால் அறுத்துச் சுவர் வைக்கிற அந்தச் சிவப்புக் கல்லின் உள்ளே துளையும் சந்துமாக ஓடும், அதில் தண்ணீர் நிற்கும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆள் குனிந்து நுழைகிற இடத்தைத்தான் குகை என்கிறோம். ஆனால் இரண்டு அங்குலம்கூட வளராத மீனுக்கு அந்தச் சந்தே குகை.

அப்படி ஒரு மீன் நிஜமாகவே இருக்கிறது. ஹோராகிளானிஸ் என்று பெயர், கெளுத்தி வகை. கண் கிடையாது. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து மொத்த உடம்பும் சிவப்பாக இருக்கும். சேற்றில் நெளிந்தால் புழு என்றுதான் தோன்றும். மீன் ஆராய்ச்சியாளர் ஏ.ஜி.கே. மேனன் இதை முதலில் விவரித்தது 1950இல், கோட்டயத்துக் கிணற்று மீனை வைத்து. இன்றைக்கு இதில் நான்கு இனங்கள் தெரியும். இது ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். கோழிக்கோட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சிவப்பு அயிரை வந்தது. மலப்புறம் வேங்கரையில் கிடைத்த பாதாள விரால் 2019இல் பெயர் பெற்றது. மற்ற விரால்களிலிருந்து அது அவ்வளவு விலகி நின்றதால், மறு வருடமே அதற்குத் தனிக் குடும்பம் வகுக்க வேண்டியதாயிற்று. செங்ஙன்னூரிலோ ஒரு வீட்டுக் குளியலறை வாளியிலேயே புது இனம் வந்து விழுந்தது!

இருட்டிலேயே கிடந்து பார்வை மங்கி, அது பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிச்சத்தில் குருடாகப் பிறந்த மீன் பிழைக்காது. இருட்டில் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. கண்ணுக்கும் அது சார்ந்த மூளைப் பகுதிக்கும் ஆகிற தீனிச் செலவு மிச்சம் என்பதால், இரை குறைந்த இடத்தில் லாபம்கூட. மெக்சிகோவில் ஒரே இன மீன் ஆற்றில் கண்ணோடும் பல குகைகளில் கண்ணில்லாமலும் வாழ்கிறது. குகை மீனின் கருவில் கண் உருவாகத் தொடங்கி, பிறகு அழிந்துபோகும். வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணை சேர்த்தபோது, பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது. இது 2008இல் வெளியான ஆய்வு. ஒவ்வொரு குகையிலும் வேறு வேறு மரபணு பழுதாகியிருந்ததால், அப்பனிடம் கெட்டதை ஆத்தாளின் நல்ல பிரதி ஈடுகட்டிவிட்டது. எனக்கு இன்றும் இதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

சரி, உங்களிடம் ஏன் இதைச் சொல்கிறேன்? ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. கிணறும் குழாயும்தான் வழி. 2023இல் விவரிக்கப்பட்ட நான்காவது ஹோராகிளானிஸுக்குப் ‘பாப்புலி’ என்று பெயர் வைத்ததே, மீனைக் கண்டு தகவல் தந்த சாதாரண ஜனங்களுக்கு மரியாதையாகத்தான். மோட்டார் போட்டு நீரை இறைத்து, அடிச் சேற்றைக் கூடையில் அள்ளி மேலே அனுப்புகிற உங்கள் கண்ணில் படுவது வேறு யார் கண்ணில் படும்?

அதனால் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஊற்றுக்கண் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கூடைச் சேற்றைக் கொட்டும்போதும் ஒரு பார்வை. சிவப்பாக எதாவது நெளிந்தால் அதே கிணற்றுத் தண்ணீரில், நிழலில் ஒரு வாளியில் விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். தூர்வாரிய பின் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னால் போடுங்கள், காலரா, மஞ்சள் காமாலை விஷயத்தில் விளையாட முடியாது. ஆனால் மீனை எடுத்த பிறகு போடுங்கள், மருந்து நெடி போய் ஊற்று தெளிந்த பிறகு திரும்ப விடுங்கள்.

பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் கொச்சி பனங்ஙாட்டில் இருக்கும் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். ஊர்ப் பெயர், கிணற்றின் ஆழம், எந்த அடியில் வெட்டுக்கல் தொடங்கியது, மூன்றையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.